ஜால்ரா கேட்கிறதா, குத்துகிறதா?

சென்ற இதழில், "ட்ரெபிள் தூக்கலாக இருப்பதையே தெளிவு என்று எண்ணி ஹெட்போன் வாங்கிவிட வேண்டாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் ட்ரெபிளுக்கே, அதாவது ஒலியின் கூர்மையான மேல்பகுதிக்கே, ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என்னிடம் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ ஹெட்போன் இருக்கிறது, என் மைத்துனரிடம் சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது. ஒரே கச்சேரிப் பதிவை ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாற்றி மாற்றிக் கேட்டோம். என்னுடையதில் கஞ்சிராவின் காசுகள் காதருகே குலுங்குகின்றன. பாடகர் 'ஸ' சொல்லும்போது மட்டும் சற்றுக் கூசுகிறது. அவருடையதில் எல்லாமே மெல்லிய திரைக்குப் பின்னால் நடப்பது போல இருக்கிறது. எது பதிவில் உள்ளபடி ஒலிக்கிறது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: டிடி 990 வரிசை 1985லும் எச்டி 600 1997லும் வெளிவந்தவை. இரண்டுமே ஓப்பன் பேக் வகை (கப்பின் பின்புறம் திறந்திருப்பவை), இரண்டுக்குமே உலகெங்கும் விசுவாசிகள் உண்டு. அப்படியும் ஒரே பதிவு இரண்டிலும் வெவ்வேறாகக் கேட்பதற்குக் காரணம், ட்ரெபிள் என்று ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் பகுதிக்குள் பல வட்டாரங்கள் இருப்பதுதான். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வுகள்) வரையிலான பகுதியில் பாடகரின் சொற்கள் துலங்குகின்றன. நாகஸ்வரத்தின் கணீரும் வில் தந்தியில் உரசும் ஓசையும் அங்கேதான் பலம் பெறுகின்றன. 5 முதல் 8 வரை 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகள் சீறும் இடம். அதற்கு மேல் 12 வரை ஜால்ராவின் மினுமினுப்பும் கஞ்சிராக் காசுகளின் குலுக்கலும் வாழ்கின்றன. அதற்கும் மேலே இருப்பதை ஒலிப்பதிவாளர்கள் 'காற்று' என்பார்கள். தனியாக ஒரு வாத்தியமாகக் கேட்காது, ஆனால் எடுத்துவிட்டால் அரங்கத்தின் கூரை தாழ்ந்துவிட்டது போல இருக்கும். ஒரு ஹெட்போன் முதல் வட்டாரத்தில் அடக்கமாகவும் மூன்றாவதில் ஆரவாரமாகவும் இருப்பது மிகச் சாதாரணம். உங்கள் டிடி 990 ஏறக்குறைய அந்த ரகம்: கீழே பேஸ் என்னும் அடித்தொனி சற்றுத் தூக்கல், நடுவே குரல் ஓரடி பின்வாங்கல், 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஓர் உயரமான சிகரம். கஞ்சிராக் காசுகள் அந்தச் சிகரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. பாடகரின் 'ஸ' அதன் சரிவில் மாட்டிக்கொள்கிறது.

எச்டி 600ஐப் புரிந்துகொள்ளக் காதின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். நம் செவிக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அத்தகைய குழாய் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானாகவே பெருக்கிக் கொடுக்கும். தலையும் காதுமடலும் தங்கள் பங்கைச் சேர்க்க, எதிரே ஒருவர் பாடும்போது அந்தப் பகுதி செவிப்பறையில் 10 டெசிபலுக்கு (ஒலியளவின் அலகு) மேல் உயர்ந்துதான் வந்து சேர்கிறது. பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டுப் பழகியதால் அதுவே நமக்கு இயல்பு. காதை மூடிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து ஒலிக்கும் ஹெட்போன் இந்த உயர்வு செவிப்பறையில் சரியாக விழும்படி வடிவமைக்கப்பட வேண்டும். அளவிட்டால் நேர்கோடாக வரும் ஹெட்போன் கம்பளி போர்த்தியது போல ஒலிப்பது இதனால்தான்.

எவ்வளவு உயர்வு சரி என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஜெர்மனியின் வானொலித் தொழில்நுட்ப நிறுவனத்தில் இருந்த குந்தர் தைலே, எல்லாத் திசையிலிருந்தும் ஒலி சமமாக வரும் அறையில் காது என்ன பெறுகிறதோ அதையே ஸ்டூடியோ ஹெட்போனும் தர வேண்டும் என்று 1986இல் வாதிட்டார். 'டிஃப்யூஸ் ஃபீல்ட்' என்று அக்காலப் பெட்டிகளில் அச்சிட்டிருந்தது இதைத்தான். பிற்காலத்தில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து, நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சாயல்தான் பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்று 2013 முதல் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அந்தச் சாயலில் ட்ரெபிள் டிஃப்யூஸ் ஃபீல்டைவிட ஒரு படி தணிந்திருக்கும். எச்டி 600 ஹார்மன் ஆராய்ச்சிக்கு மிக முந்தியது. ஆனாலும் 3 கிலோஹெர்ட்ஸில் வேண்டிய உயர்வைத் தந்துவிட்டு, அதற்கு மேல் பெரிய சிகரம் ஏதுமின்றி மெல்ல இறங்கிச் செல்கிறது.

எனவே பதிவுக்கு நெருக்கமானது எது என்று கேட்டால், உங்கள் மைத்துனருடையது என்றுதான் சொல்வேன். வீட்டில் இதைப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். திரைக்குப் பின்னால் கேட்பது போன்ற உணர்வுக்குப் பாதிக் காரணம் வரிசைதான். அல்வா தின்ற வாய்க்குக் காபி சப்பென்று இருப்பது போல, டிடி 990ஐக் கழற்றிய கையோடு எச்டி 600ஐ மாட்டினால் மந்தமாகத்தான் தோன்றும். ஒரு முழு மாலை எச்டி 600 மட்டும் கேட்டுவிட்டு அதன் பிறகு உங்களுடையதை மாட்டிப் பாருங்கள். மீதிப் பாதி உண்மையான குறை: மேல் கோடியில், 'காற்று' பகுதியில், எச்டி 600 கொஞ்சம் கைச்சிக்கனம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ட்ரெபிள் முழுவதும் அகலமாக இரண்டு டெசிபல் உயர்ந்திருந்தால் காது அதற்குச் சில நிமிடங்களில் பழகிவிடுகிறது. குறுகிய சிகரத்துக்குப் பழகுவது கடினம், ஏனெனில் அது எல்லா ஸ்வரத்தையும் ஒன்றுபோல நடத்துவதில்லை. இதைக் கண்டுபிடிக்க என் கைவசம் உள்ள பதிவு தனித் தம்பூரா. குதிரைக்கும் தந்திக்கும் இடையில் செருகிய ஜீவா நூல் தந்தியின் மேல் ஸ்வரக்கூறுகளை ஒவ்வொன்றாக எழுப்புவதால், அந்த ரீங்காரம் ஒரு மீட்டலுக்குள் மேலிருந்து கீழாக வழிந்து வரும். சீரான ஹெட்போனில் அந்த வழிவு பட்டுத்துணி சரிவது போல இருக்கும். சிகரம் உள்ள ஹெட்போனில், வழிந்துகொண்டிருக்கும்போதே ஓர் இடத்தில் மெல்லிய விசில் போல ஓர் இழை தனித்து நின்றுவிட்டுப் பிறகு மறையும். ஒவ்வொரு மீட்டலிலும் அதே இடத்தில் அது நின்றால் ஹெட்போனின் முத்திரை என்று முடிவுகட்டலாம். விலை உயர்ந்தவையும் இதற்கு விலக்கல்ல. 2009இல் வந்த சென்ஹைசர் எச்டி 800, 56 மில்லிமீட்டர் வளைய டிரைவரும் (ஒலியை எழுப்பும் உறுப்பு) விசாலமான ஒலிவெளியும் கொண்டது. ஆனால் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே அதற்கு ஒரு சிகரம் உண்டு என்பது எல்லோரும் அறிந்த சங்கதி. அதன் பின்வந்த எச்டி 800 எஸ் மாதிரியில் அந்த அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும் அமைப்பைச் சேர்த்தார்கள்.

கேள்வி: எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டி, ஒரே இயர்போனுக்கு இரண்டு இணையதளங்கள் வெளியிட்ட வரைபடங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் வரை அச்சு அசலாக ஒத்துப்போகின்றன, அதற்கு மேல் ஒன்றில் மலை, மற்றொன்றில் பள்ளம். எதை நம்புவது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: அலைநீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் தலையே அதற்கு ஒரு பொருட்டில்லை. 8 கிலோஹெர்ட்ஸில் அது நாலேகால் சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதாவது காதுமடலைவிடச் சிறியது, செவிக்குழாயோடு ஒப்பிடத் தக்கது. அந்த அளவில் சில மில்லிமீட்டர் இடமாற்றமும் ஒலியை மாற்றும். இயர்போனின் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட காற்றுத்தூண் தனக்கென ஓர் அதிர்வைக் கொண்டது; ஆழமாகச் செருகினால் தூண் குட்டையாகி அந்தச் சிகரம் மேலே நகரும், மேலாகச் செருகினால் கீழே இறங்கும். அளவீடு செய்பவர்களில் பலர் அந்தச் சிகரம் 8 கிலோஹெர்ட்ஸில் விழும்படி ஆழத்தை வைத்துக்கொள்வது ஒப்பிடுவதற்கான ஒரு வசதியே. உங்கள் காதில் அது 7இலோ 9இலோ இருக்கலாம்.

அளக்கும் கருவிக்கும் எல்லை உண்டு. பலர் பயன்படுத்தும் '711' எனப்படும் செயற்கைக் காது, ஐஇசி 60318-4 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, 10 கிலோஹெர்ட்ஸ் வரைதான் மனிதக் காதை ஒத்து நடக்கும் என்ற உத்தரவாதத்தோடு வருவது. ஆகவே வரைபடத்தில் 6 வரை முழு மனத்துடன் நம்புங்கள்; 10 வரை ஒரே ஆள் ஒரே கருவியில் அளந்த இரண்டு இயர்போன்களை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் உள்ள கோட்டைப் பார்த்து வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். கடைக்குப் போகும்போது சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு டிப்களையும் (இயர்போன் முனையில் மாட்டும் மெத்தென்ற உறை) கையோடு எடுத்துச் சென்று, ஒவ்வொன்றிலும் அதே பாட்டின் அதே முப்பது விநாடியைக் கேளுங்கள். டிப் மாறியதால் வந்த வித்தியாசம், அடுத்த விலைப் படியில் உள்ள இயர்போன் தரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: சிறு வயதில் இலங்கை வானொலியில் கேட்ட ஐம்பதுகளின் திரைப்பாடல்கள் தேனாக இனித்தன. இப்போது மகன் வாங்கித் தந்த நல்ல ஹெட்போனில் அதே பாடல்கள் இரைச்சலும் கீச்சுமாக இருக்கின்றன. புதிய பாடல்கள் நன்றாகவே கேட்கின்றன. ஹெட்போன் பழுதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: பழுது இல்லை அம்மா. நீங்கள் கேட்ட மத்திய அலை வானொலியில் நிலையங்களுக்கு இடையே 9, 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆகவே நாலைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. இசைத்தட்டின் கரகரப்பும் படச்சுருளின் இரைச்சலும் அந்த எல்லைக்கு மேல்தான் அதிகம். வானொலிப் பெட்டியின் துணி மூடிய ஒற்றை ஸ்பீக்கர் மிச்சத்தையும் வடிகட்டிவிட்டது. நீங்கள் இனிமை என்று நினைவில் வைத்திருப்பதில் இந்த வடிகட்டலுக்கும் பங்குண்டு.

அக்காலப் படங்களின் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிவானது. ஒளித்தடத்துக்கு இரைச்சல் கூடப்பிறந்தது என்பதால், திரையரங்கில் ஒலிக்கும்போது ட்ரெபிளைக் கடுமையாகச் சரித்துவிடும் வழக்கத்தை ஹாலிவுட் 1938இல் 'அகாடமி கர்வ்' என்ற பெயரில் நிலைப்படுத்தியது. ஒலிப்பொறியாளர்கள் அரங்கில் இப்படிச் சரியும் என்பது தெரிந்தே பதிவில் மேல்பகுதியைத் தூக்கி வைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தடத்தை அந்தச் சரிவு இல்லாமல் நேரடியாகக் கணினிக்கு மாற்றினால், தூக்கல் மட்டும் மிஞ்சும். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் தாராளமான ஹெட்போன் அதை இன்னும் ஒரு கை ஏற்றிவிடும். கேசட் வழியாக வந்த தொகுப்புகளில் வேறொரு கோளாறு: இரைச்சலைக் குறைக்கப் பதியும்போது ட்ரெபிளை ஏற்றி, ஒலிக்கும்போது இறக்கும் டால்பி பி முறையில் பதித்த கேசட்டை டால்பி பொத்தானை அமுக்காமல் ஓடவிட்டு நகலெடுத்தால் ட்ரெபிள் தேவைக்கு மேல் நிற்கும், டால்பி இல்லாத கேசட்டை அமுக்கி ஓடவிட்டால் அமுங்கிவிடும். எந்தத் தொகுப்பை யார் எப்படி நகலெடுத்தார் என்று இன்று யாரைக் கேட்பது?

உங்களுக்கு என் யோசனை எளியது. மகனிடம் சொல்லி, தொலைபேசியின் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைகளை நான்கைந்து டெசிபல் இறக்கி, அதற்கு 'பழைய பாட்டு' என்று பெயரிட்டுச் சேமித்துவைக்கச் சொல்லுங்கள். 'இரைச்சல் நீக்கப்பட்ட' என்று விளம்பரப்படுத்தும் தொகுப்புகளைத் தேடிப் போக வேண்டாம். அவற்றில் பல, இரைச்சலோடு சேர்த்துப் பாடகியின் மூச்சையும் வயலினின் வில்லோசையையும் துடைத்துவிட்டிருக்கின்றன. இரைச்சலை ஒதுக்கிக் கேட்கக் காதுக்குத் தெரியும். துடைத்துவிட்டதைக் காதால் திரும்ப வரவழைக்க முடியாது.

கேள்வி: நான் வாங்கிய குளோஸ்டு வகை (கப்பின் பின்புறம் அடைத்த) ஹெட்போனில் பேஸ் இல்லை, ட்ரெபிள் மட்டும் காதைத் துளைக்கிறது. நண்பர்கள் அதே மாதிரியைப் புகழ்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் மூக்குக் கண்ணாடி அணிபவரா? இதைக் கேட்பதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளோஸ்டு ஹெட்போனை ஒரு வாரம் கேட்டுவிட்டு, "தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல இருக்கிறது" என்று விமரிசனக் குறிப்பு எழுதி முடித்துவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் இரவு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தபடியே அதை மாட்டினால், வேறு ஹெட்போன் போல ஒலித்தது. கண்ணாடியின் காம்பு, இயர்பேடுக்கும் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும் நடுவே ஒரு தீக்குச்சி பருமனுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. குளோஸ்டு வகையில் அடைப்பு கசிந்தால் பேஸ் வெளியேறிவிடும். ட்ரெபிள் அப்படியே இருக்கும். குறைந்தது பேஸ்தான் என்றாலும், காதுக்கு அது ட்ரெபிள் கூடியதாகவே படும். விமரிசனத்தை முழுவதும் திரும்ப எழுதினேன்.

கண்ணாடி அணியாதவர் என்றால் இயர்பேடைப் பாருங்கள். ஓரிரு ஆண்டு உழைத்த பேட் அமுங்கித் தட்டையாகும்போது டிரைவர் காதுக்கு நெருங்கி வருகிறது, கப்புக்குள் உள்ள காற்றின் அளவு குறைகிறது, ட்ரெபிளின் மேடு பள்ளங்கள் இடம் மாறுகின்றன. தோல் போன்ற பேடைக் கழற்றிவிட்டு வெல்வெட் பேட் மாட்டினாலும் இதே கதிதான். நண்பருடைய ஹெட்போனின் பேடும் உங்களுடையதும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு தீர்மானியுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 64. இந்த வயதில் ட்ரெபிளுக்காகச் செலவு செய்வது வீண்தானே?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வயதோடு மேல் எல்லை இறங்கிவருவது உண்மை. இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டிய காது உங்கள் வயதில் பெரும்பாலும் 10, 12ஐத் தாண்டுவதில்லை. ஆனால் மேலே சொன்ன வட்டாரங்களில் முக்கியமானவை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன; 6 கிலோஹெர்ட்ஸில் சிகரம் உள்ள ஹெட்போன் உங்களுக்கும் கூசத்தான் செய்யும். 'காற்று' பகுதியைப் புகழும் விமரிசனங்களுக்கு மட்டும் பணம் கொடுக்க வேண்டாம். பேச்சில் 'ஸ', 'ஃப', 'த' எழுத்துகள் குழம்பினாலோ, இரண்டு காதும் வேறு வேறாகக் கேட்டாலோ, ஹெட்போன் கடைக்கு முன்பு காது மருத்துவரிடம் ஆடியோகிராம் என்னும் கேள்திறன் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சோதனை 250 ஹெர்ட்ஸ் முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கும், இந்தக் காரியத்துக்கு அதுவே போதும். குறைந்ததை ஈடுகட்ட ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

கேள்வி: கடையில் நான்கு ஹெட்போன்களை அடுத்தடுத்து மாட்டிக் கேட்டால் எல்லாமே நன்றாக இருக்கின்றன. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று தலைவலி தருகிறது. முறையாக ஒப்பிடுவது எப்படி?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் ஒலியளவு. 300 ஓம் மின்தடை கொண்ட எச்டி 600ஐயும் 38 ஓம் கொண்ட ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸையும் ஒரே வால்யூமில் வைத்தால் இரண்டாவது பல மடங்கு உரக்க ஒலிக்கும். உரக்க ஒலிப்பது எப்போதும் தெளிவாகவும் துல்லியமாகவும் தோன்றும். ஓர் அட்டையில் தொலைபேசியின் மைக் மட்டும் தெரியுமாறு துளையிட்டு, கப்பை அந்த அட்டைமேல் அழுத்தி வைத்து, ஒலி அளக்கும் செயலியில் ஒரே இரைச்சலை ஒரே எண் வரும்படி சரிசெய்யுங்கள். ஆய்வகத் துல்லியம் இதில் இல்லை. இரண்டு ஹெட்போன்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர இது போதும். கடையில் அட்டையை நீட்டக் கூச்சமாக இருந்தால், குரல் மட்டும் உள்ள ஒரு விருத்தத்தைக் கேட்டு, குரல் இரண்டிலும் ஒரே தொலைவில் நிற்கும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள்.

பிறகு பதிவுகள். புதிதாக எதையும் கேட்காதீர்கள். நூறு முறை கேட்ட நான்கு பதிவுகள் போதும். நான் எடுத்துச் செல்வது: முன்பு சொன்ன தம்பூரா, 'ஸ' நிறைந்த ஒரு பெண் குரல் பாட்டு, நட்டுவாங்கத் தாளம் தெளிவாகப் பதிவான ஒரு நாட்டிய இசை, கிட்டாரும் சிம்பலும் உள்ள ஒரு திரைப்பாடல். நட்டுவாங்கத் தாளத்தில் நான் இரண்டு விஷயம் கவனிப்பேன். தட்டும் அந்தக் கணத்தில் உலோகம் உலோகத்தில் மோதும் கனம் வருகிறதா, அல்லது வெறும் 'டிஸ்' என்ற பிசிறு மட்டுமா என்பது ஒன்று. கனம் 2, 3 கிலோஹெர்ட்ஸிலும் பிசிறு 8க்கு மேலும் இருப்பதால், கனமில்லாத தாளம் நடுப்பகுதி ஒடுங்கி மேல்பகுதி ஓங்கிய ஹெட்போனைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டூடியோக்களில் 1991 முதல் புழங்கும் சோனி எம்டிஆர்-7506ஐ இப்படிக் கேட்டால், பதிவில் உள்ள குறையைப் பூதக்கண்ணாடியில் காட்டவே செய்தது போன்ற மேல்தூக்கல் உடனே புலப்படும். அவ்வேலைக்கு அது அருமையானது. மடியில் குழந்தையோடு தாலாட்டு கேட்க நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். மற்றொன்று, தட்டிய பிறகு ஒலி எவ்வளவு இயல்பாகத் தேய்கிறது என்பது. ஹெட்போனுக்குள்ளேயே அதிர்வு தங்கினால், எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி வால் முளைத்திருக்கும்.

கடைசியாக, நேரம். முப்பது விநாடியில் கவர்வது பெரும்பாலும் சிகரம். தலைவலி தருவதும் அதேதான், ஒரு மணி நேரம் கழித்து. கடையில் அதிகப் பளபளப்பாகத் தோன்றியதை, எடுத்த எடுப்பில் அல்லாமல், மற்றவற்றை எல்லாம் கேட்ட பிறகு இருபது நிமிடம் தொடர்ந்து மாட்டியிருந்து பாருங்கள்.

கேள்வி: ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் ட்ரெபிள் மாறுமா? ப்ளூடூத்தில் ட்ரெபிள் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கம்பிச்சுருளும் காந்தமும் சவ்வை அசைக்கும் சாதாரண டைனமிக் ஹெட்போன்களில், ஒழுங்கான ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும், காதுக்குத் தெரியும் அளவு ட்ரெபிள் மாறாது. விதிவிலக்கு, பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வேறு வகை நுண்டிரைவர் கொண்ட இயர்போன்கள். அவற்றின் மின்தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறுவதால், வெளியீட்டுத் தடை அதிகமுள்ள ஆம்ப்ளிஃபயர் அவற்றின் குரலையே மாற்றிவிடும். எட்டிமோட்டிக் இஆர்-4பி மாதிரியோடு 75 ஓம் தடையுள்ள ஒரு சிறு இணைப்புக் கம்பியைச் சேர்த்தால், அது ட்ரெபிள் மிகுந்த இஆர்-4எஸ் மாதிரியாகிவிடும் என்பது அதை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

ப்ளூடூத்தைப் பொறுத்தவரை பயம் தேவையில்லை. ட்ரெபிள் உண்மையில் கெட்டது 128 கிலோபிட் எம்பி3 காலத்தில்தான்: 16 கிலோஹெர்ட்ஸ் அருகே வெட்டு விழுந்தது ஒரு பக்கம், அதைவிட மோசம், ஜால்ராவும் கைத்தட்டலும் தண்ணீருக்குள் அமிழ்த்தி அடித்தது போலக் குழைந்தன. உங்கள் சேகரிப்பில் அக்காலக் கோப்புகள் இருந்தால், எந்த ஹெட்போன் வாங்கினாலும் அந்தக் குழைவு கூடவே வரும். ட்ரெபிள் தெளிவான ஹெட்போனில் இன்னும் தெளிவாகக் குழையும்.

கேள்வி: புதிய ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் ட்ரெபிள் தணியும் என்று விற்பனையாளர் சொல்கிறார்.
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: தணிவது பெரும்பாலும் உங்கள் காதின் எதிர்ப்பு. பேட் இளகி அமுங்குவதும் கொஞ்சம் மாற்றம் தரும். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்பதையும் அந்த விற்பனையாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குப் பிடித்த ஹெட்போனில் 'ஸ' மட்டும் சீறுகிறது. விற்க மனமில்லை. டிரைவர்மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டினால் சரியாகும் என்று கேள்விப்பட்டேன். செய்யலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: டிஷ்யூவுக்குக் கௌரவமான பூர்வீகம் உண்டு. 1978இல் வந்த யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் மேல்பகுதி கடுமையாக இருந்ததால், உலகின் பெரிய ஸ்டூடியோக்களில் அதன் ட்வீட்டர்மேல் (ட்ரெபிளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர்) டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டு, பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் கலந்தார்கள். யமஹா பிற்பாடு ட்வீட்டரைத் திருத்தி 'ஸ்டூடியோ' என்ற பெயரிலேயே ஒரு மாதிரியை வெளியிட்டது. கலப்பவர் கேட்கும் ஸ்பீக்கர் கூர்மையாக இருந்தால் அவர் பாட்டை மழுங்கலாக முடிப்பார், மழுங்கலாக இருந்தால் கூர்மையாக முடிப்பார். அந்தப் பாட்டை வைத்து நாம் ஹெட்போனைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒலியியலாளர் ஃபிளாய்ட் டூல் இதைக் 'குழப்பச் சுழல்' என்ற பொருளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே முதலில் வேறு வேறு பதிவகங்களின் பத்துப் பாட்டுகளைக் கேளுங்கள். இரண்டில் மட்டும் சீறினால் குற்றம் அந்தப் பதிவுகளுடையது. பத்திலும் சீறினால் மட்டும் மேலே படியுங்கள்.

டிஷ்யூ ட்ரெபிளை மொத்தமாகத்தான் மறைக்கும். உங்களுக்குத் தேவை ஓர் இடத்தில் மட்டும் சிறு குறைப்பு. கணினியில் விண்டோஸ் இருந்தால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் போதும்; தொலைபேசியிலும், வேண்டிய இடத்தையும் அகலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய பாராமெட்ரிக் ஈக்வலைசர் செயலிகள் உண்டு. வால்யூமை நன்றாகக் குறைத்துவைத்துக்கொண்டு, 4 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஸ்வரத்தை ஓடவிடுங்கள். எங்கே அது திடீரென்று முன்னால் பாய்கிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்போனைக் கழற்றி மாட்டி மூன்று முறை செய்து, மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் அதுதான் உங்கள் காதில் உள்ள சிகரம். இணையத்தில் அச்சான எண்ணிலிருந்து அது சற்று விலகியிருந்தால் கவலைப்பட வேண்டாம். அந்த இடத்தில் க்யூ (குறைப்பின் அகலத்தைச் சொல்லும் எண், கூடினால் குறுகும்) 3 அளவில் 3 டெசிபல் குறையுங்கள். போதாவிட்டால் இன்னும் ஒன்று. 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஸ்வரம் உரத்துக் கேட்பதைச் சமன்செய்யப் போகாதீர்கள், அது உங்கள் செவிக்குழாயின் பிறவிக்குணம். குறுகிய பள்ளங்களையும் நிரப்ப முயலாதீர்கள். பேடின் நிலை சற்று மாறினாலே அவை நகர்ந்துவிடும், நீங்கள் நிரப்பியது புதிய சிகரமாகிவிடும்.

ஈக்வலைசர் அறவே வேண்டாம் என்றால் மட்டும் டிஷ்யூ. ஓர் அடுக்கை மட்டும் கப்பின் உட்புறத் துணிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். பசை வேண்டாம், பேடின் விளிம்பே பிடித்துக்கொள்ளும். வியர்வையில் ஊறிவிடும் என்பதால், ஆனி ஆடியில் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.